தோழரின் பெயரில் வந்த கடிதம்

எங்கள் மாலைநேரப் படிப்பு மையத்துக்கு ஒரு நாள்கூடத் தவறாமல் வரும் தங்கை ஒருத்தி மூன்று நாள் வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டோம். காய்ச்சல் என்றார் அவள் அம்மா. நான்காம் நாள் அவளே வந்து சொன்னாள். முதுகலை முதலாண்டு படிக்கும் அவளுக்கு, உதவித்தொகை விண்ணப்பம் நிலுவையில் இருப்பதாக ஒரு மின்னஞ்சல் வந்திருக்கிறது. உண்மையிலேயே அவளுக்கு எட்டு மாதமாக உதவித்தொகை வரவில்லை. கல்லூரி ஆய்வகக் கணினியில் அந்தக் கடிதத்தின் இணைப்பைத் திறந்திருக்கிறாள். உள்ளே ஒன்றுமில்லை, வெற்றுத் திரை. மறுநாள் அவள் முகவரியிலிருந்து ஆசிரியர்களுக்கும் தோழிகளுக்கும் அதே இணைப்போடு கடிதங்கள் போயிருக்கின்றன. ஆய்வகப் பொறுப்பாளர் எல்லோர் முன்னிலையிலும் கேட்டாராம்: "இதுகூடத் தெரியாமத்தான் எம்.ஏ. வரைக்கும் வந்துட்டியா?"

அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருந்தது. அது என்னவென்று நம் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்தக் கேள்விக்குப் பயந்துதான் அவள் மூன்று நாள் வாய் திறக்கவில்லை. அந்த மூன்று நாளில், அவளை நம்பி அந்த இணைப்பைத் திறந்தவர்கள் இன்னும் நான்கு பேர்.

இந்தக் கட்டுரை அவளுக்காகவும், அவளைப்போல் வெட்கப்பட்டு மறைத்திருக்கக்கூடிய தோழர்களுக்காகவும் எழுதப்படுகிறது. மோசடி மின்னஞ்சலில் விழுபவர் படிக்காதவர், பேராசைக்காரர், அப்பாவி என்று ஒரு பொதுப்புத்தி இருக்கிறது. வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் அது பொய் என்று தெரியும். விழுந்தவர்களில் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள், வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள், வல்லரசுகளின் அலுவலகங்கள் இருக்கின்றன. நம் காலத்தின் மிக முக்கியமான மனித உரிமைச் செயல்பாட்டாளர்களும் இருக்கிறார்கள்.

பழைய தூண்டில்

கணினிக்கு முன்பே இந்தக் கடிதம் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 'ஸ்பானியக் கைதி' என்ற பெயரில் ஒரு மோசடி புழங்கியது. பெரும் செல்வந்தர் ஒருவர் ஸ்பெயின் சிறையில் அடைபட்டிருக்கிறார், அவரை மீட்கக் கொஞ்சம் பணம் அனுப்பினால் புதையலில் பங்கு கிடைக்கும் என்று முன்பின் தெரியாதவரிடமிருந்து கடிதம் வரும். பணம் அனுப்பியவருக்கு இன்னொரு தடங்கல் சொல்லப்படும், இன்னொரு தொகை கேட்கப்படும். நூறு ஆண்டு கழித்து இதே கதை மின்னஞ்சலில் வந்தபோது சிறைக்கைதியின் இடத்தில் இறந்துபோன அதிகாரியின் வாரிசும் வங்கியில் முடங்கிய கோடிகளும் வந்து உட்கார்ந்தன. நைஜீரியக் குற்றவியல் சட்டத்தின் மோசடிப் பிரிவு எண்ணை வைத்து உலகம் இதற்கு '419' என்று பெயரிட்டது. ஐரோப்பாவில் பிறந்த ஒரு மோசடிக்கு ஆப்பிரிக்க நாடு ஒன்று பெயர் கொடுக்க நேர்ந்தது. ஒரு மக்கள் கூட்டத்தின் மீதே குற்ற முத்திரை குத்துவது எவ்வளவு எளிது என்பதை, 1871ஆம் ஆண்டின் குற்றப்பரம்பரைச் சட்டத்தை அறிந்த நாம் மறக்கக் கூடாது.

இந்தப் பழைய கடிதம் ஆசையைத் தூண்டியது. அடுத்து வந்தவை வேறு உணர்ச்சிகளைப் பிடித்தன.

1989 டிசம்பரில் உலகெங்கும் சுமார் 20,000 நெகிழ்வட்டுகள் தபாலில் போயின. எய்ட்ஸ் பற்றிய தகவல் வட்டு என்று அதன் மேல் எழுதியிருந்தது. அந்த நோயைக் கண்டு உலகம் நடுங்கிய காலம் அது. பெற்றவர்களில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய எய்ட்ஸ் மாநாட்டில் கலந்துகொண்டவர்களும் இருந்தார்கள். வட்டைப் போட்ட கணினி சுமார் 90 முறை இயக்கப்படும்வரை எதுவும் நடக்காது. பிறகு கோப்புகளின் பெயர்கள் உருத்தெரியாமல் மாறும், பனாமாவிலுள்ள ஒரு தபால்பெட்டிக்கு 189 டாலர் அனுப்பச் சொல்லித் திரையில் செய்தி வரும். கோப்புகளைப் பிணையாக வைத்துப் பணம் கேட்கும் இன்றைய ரான்சம்வேரின் மூதாதை அதுதான். அனுப்பியவராகக் குற்றம் சாட்டப்பட்ட ஜோசப் பாப், ஹார்வர்டில் படித்த உயிரியல் ஆய்வாளர். மனநிலை காரணமாக அவர் விசாரணைக்குத் தகுதியற்றவர் என்று முடிவானது. அந்த வட்டைத் திறந்தவர்கள் ஒரு கொள்ளைநோயைப் பற்றிக் கற்க விரும்பியவர்கள். அவர்களிடம் பேராசை இல்லை.

1999 மார்ச் 26 அன்று மெலிசா வந்தது. அறிந்தவர் ஒருவரின் பெயரோடு, 'முக்கியமான செய்தி' என்ற தலைப்பில் ஒரு வேர்டு கோப்பு. அதற்குள் மேக்ரோ எனப்படும் சிறு நிரல் ஒளிந்திருந்தது. கோப்பைத் திறந்தவரின் முகவரிப் பட்டியலில் உள்ள முதல் 50 பேருக்கு அது தன்னையே அனுப்பிக்கொண்டது. இங்கிருந்துதான் ஒரு பெரிய மாற்றம் தொடங்குகிறது. முன்பின் தெரியாதவர் அனுப்பும் கடிதத்தின் காலம் முடிந்து, தெரிந்தவர் பெயரில் வரும் கடிதத்தின் காலம் பிறந்தது. இன்றைக்கும் ஒரு வேர்டு கோப்பைத் திறந்ததும் மேலே மஞ்சள் பட்டையில் 'எனேபிள் கன்டென்ட்' என்ற பொத்தான் தெரிந்தால், அது பல நேரங்களில் மெலிசாவின் பேரப்பிள்ளைக்குக் கதவு திறக்கும் பொத்தான். அழுத்தாதீர்கள். ஒரு துண்டறிக்கையையோ தீர்ப்பு நகலையோ படிக்க மேக்ரோ தேவையே இல்லை.

2000 மே 4 அன்று மணிலாவிலிருந்து கிளம்பியது 'ஐ லவ் யூ'. காதல் கடிதம் என்று சொன்ன அந்த இணைப்பின் பெயர் 'டிஎக்ஸ்டி' என்று முடிவதுபோல் தெரிந்தது. டிஎக்ஸ்டி என்றால் வெறும் எழுத்துக் கோப்பு, ஆபத்தில்லை. ஆனால் அதற்குப் பின்னால் 'விபிஎஸ்' என்று இன்னொரு வால் இருந்தது. விபிஎஸ் என்பது இயங்கும் நிரல். கோப்புப் பெயரின் கடைசி வாலை விண்டோஸ் வழக்கமாக மறைத்துவிடும் என்பதை எழுதியவர் பயன்படுத்திக்கொண்டார். ஒரு கோடிக்கும் மேற்பட்ட கணினிகள் பாதிக்கப்பட்டதாக மதிப்பிடுகிறார்கள். பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தன் மின்னஞ்சலை நிறுத்தி வைத்தது.

அதை எழுதிய ஓனெல் டி குஸ்மான் 24 வயது மாணவர். இணையத்துக்குப் பணம் கட்ட முடியாதவர்கள் பிறரின் கடவுச்சொல்லை எடுத்துப் பயன்படுத்தும் வழியைத்தான் அவர் தன் கல்லூரி ஆய்வேடாக முன்வைத்திருந்தார். கல்லூரி அதை நிராகரித்தது. இணையம் வாங்கக் காசில்லாமல்தான் இதைத் தொடங்கியதாக 20 ஆண்டுகள் கழித்து அவர் ஒப்புக்கொண்டார். அன்று பிலிப்பைன்ஸில் இதைத் தண்டிக்கும் சட்டமே இல்லாததால் வழக்கு கைவிடப்பட்டது. அறிவு சிலருக்கு மட்டும் விற்கப்படும் சமூகம் எத்தகைய கோபத்தை உற்பத்தி செய்கிறது என்று நாம் யோசிக்கலாம். ஆனால் அவருடைய நிரல் ஏழைகளின் கோப்புகளையும் சேர்த்துத்தான் அழித்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஐ லவ் யூ கற்றுத்தந்த பாடம் இன்றும் பழசாகவில்லை. உங்கள் விண்டோஸ் கணினியில் கோப்புறையைத் திறந்து, 'வியூ' பகுதியில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை இன்றே டிக் செய்யுங்கள். அப்போதுதான் 'அறிக்கை.பிடிஎஃப்' என்று நடிக்கும் கோப்பின் உண்மைப் பெயர் 'அறிக்கை.பிடிஎஃப்.இஎக்ஸ்இ' என்பது கண்ணில் படும். இஎக்ஸ்இ, எஸ்சிஆர், பிஏடி, ஜேஎஸ், விபிஎஸ், எல்என்கே என்று முடிபவை படிக்கும் ஆவணங்கள் அல்ல, இயங்கும் நிரல்களையோ அவற்றைத் தூண்டும் குறுக்குவழிகளையோ கொண்டவை. கைபேசியில் இதற்கு இணையானது ஏபிகே. வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்றும் போக்குவரத்து அபராதம் என்றும் வருவது ஏபிகே கோப்பாக இருந்தால் அதை நிறுவாதீர்கள். பத்திரிகையைப் படமாக அனுப்புவார்கள், செயலியாக யாரும் அனுப்புவதில்லை.

தூண்டில் இயக்கங்களை நோக்கித் திரும்புகிறது

இதுவரை சொன்னவை வலைவீச்சுகள். யார் மாட்டினாலும் சரி என்று வீசப்பட்டவை. ஒரு குறிப்பிட்ட மக்களை, ஒரு குறிப்பிட்ட இயக்கத்தைக் குறிவைத்து எய்யப்படும் கடிதம் வேறு வகை.

2009 மார்ச்சில் கனடாவின் டொரண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிட்டிசன் லேப் ஆய்வுக் குழுவும் அதன் கூட்டாளிகளும் 'கோஸ்ட்நெட்' பற்றிய அறிக்கையை வெளியிட்டார்கள். 103 நாடுகளில் 1,295 கணினிகளுக்குள் ஒரு உளவு வலை ஊடுருவியிருந்தது. தர்மசாலாவில் தலாய் லாமாவின் அலுவலகமும் அதில் ஒன்று. நுழைந்த வழி மின்னஞ்சல் இணைப்பு. திபெத் ஆதரவு அமைப்பு ஒன்றின் முகவரியிலிருந்து வந்ததுபோல் ஒரு கடிதம், அதில் புலம்பெயர்ந்த திபெத்தியரின் அடையாளப் புத்தகம் பற்றிய ஓர் ஆவணம். தன் மக்களின் விடுதலை குறித்து அக்கறை கொண்ட எவரும் அதைத் திறப்பார். அந்த அக்கறையைத்தான் அனுப்பியவர்கள் தூண்டிலில் கோத்தார்கள்.

திபெத்தியச் செயல்பாட்டாளர்கள் இதற்குக் கண்ட பதில் அழகானது. பற்றறுத்தல் என்ற பௌத்தக் கருத்தை எடுத்து, 'இணைப்புகளின் மீதான பற்றை விடுங்கள்' என்று ஒரு பிரச்சாரம் நடத்தினார்கள். ஆங்கிலத்தில் பற்று, இணைப்பு இரண்டுக்கும் ஒரே சொல். துறவிகளுக்கும் மூதாட்டிகளுக்கும் தங்கள் சொந்தப் பண்பாட்டின் மொழியிலேயே கணினிப் பாதுகாப்பு புரிந்தது. பாபாசாகேபின் வழியில் பௌத்தத்தை அறிந்த நமக்கு அந்தச் சொல் அந்நியமானதல்ல. ஆனால் தர்மசாலா நம் நாட்டுக்குள்ளேயே இருந்தும், அங்கே ஒலித்த எச்சரிக்கை நம் இயக்கங்களின் காதில் விழவில்லை.

பீமா கோரேகானும் ஒரு மின்னஞ்சலும்

1818 ஜனவரி 1 அன்று பீமா கோரேகானில் பேஷ்வா படையை எதிர்த்து நின்ற கம்பெனிப் படையில் மஹர் வீரர்கள் பெருமளவில் இருந்தார்கள். 1927 ஜனவரி 1 அன்று அம்பேத்கர் அந்த நினைவுத்தூணுக்குச் சென்றார். பேஷ்வா ஆட்சியின் சாதிக்கொடுமைக்கு எதிரான நினைவாக அந்த இடம் நம் மக்களுக்கு ஆனது. 2018இல் 200ஆம் ஆண்டு நினைவுக்காகக் கூடியவர்கள் தாக்கப்பட்டார்கள். ஆனால் அதற்கு முந்தைய நாள் புனேவின் சனிவார்வாடாவில் நடந்த எல்கர் பரிஷத் கூட்டமே வன்முறைக்குக் காரணம், அதன் பின்னால் மாவோயிஸ்ட் சதி இருக்கிறது என்று புனே காவல்துறை வழக்குத் தொடுத்தது. 2018 ஏப்ரல் 17 அன்று ஆய்வாளர் ரோனா வில்சனின் தில்லி வீட்டிலும் தலித் வழக்கறிஞர் சுரேந்திர காட்லிங்கின் நாக்பூர் வீட்டிலும் சோதனை நடந்தது, கணினிகள் எடுத்துச் செல்லப்பட்டன. ஜூன் 6 அன்று இவர்கள் இருவரும் சுதிர் தவாலே, சோமா சென், மகேஷ் ராவத் ஆகியோரும் கைதானார்கள். 2020 ஏப்ரல் 14, அம்பேத்கர் பிறந்தநாளன்று, ஆனந்த் தெல்தும்ப்டே சரணடைந்தார். அதே ஆண்டு அக்டோபரில், திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்கண்ட் ஆதிவாசிகளுக்காக வாழ்ந்த ஸ்டேன் சுவாமி 83 வயதில் கைதானார். மொத்தம் 16 பேர். வழக்கின் முதன்மைச் சான்றுகளாகக் காட்டப்பட்டவை அந்தக் கணினிகளில் கிடைத்த கடிதங்கள்.

அந்தக் கடிதங்கள் எப்படி அங்கே வந்தன? பிரதிவாதி தரப்பு வழக்கறிஞர்கள் கேட்டுக்கொண்டதன் பேரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸைச் சேர்ந்த ஆர்சனல் கன்சல்டிங் என்ற தடயவியல் நிறுவனம் வில்சன் கணினியின் மின்னணு நகலை ஆராய்ந்தது. 2021 பிப்ரவரியில் அதன் முதல் அறிக்கை வெளியானது.

2016 ஜூன் 13. வில்சனுக்குத் தெலுங்குக் கவிஞர் வரவர ராவின் மின்னஞ்சல் கணக்கிலிருந்து கடிதங்கள் வருகின்றன. அந்தக் கணக்கை வேறு யாரோ இயக்கிக்கொண்டிருந்தார் என்கிறது அறிக்கை. ஒரு ஆவணத்தைத் திறக்கும்படி கடிதம் சொல்கிறது. ஒரு குடிமை உரிமை அமைப்பின் அறிக்கை என்று நினைக்கும்படி அது இருக்கிறது. ஒரு முறை அல்ல, பல முறை வற்புறுத்தல். லிங்க் டிராப்பாக்ஸ் தளத்தினுடையது போல் தெரிகிறது, உண்மையில் தாக்குபவரின் சர்வருக்குப் போகிறது. 'இன்னொரு வெற்றி' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர் கொண்ட ஆர்ஏஆர் கோப்பு இறங்குகிறது. வில்சன் அன்று மாலையே திறந்துவிட்டதாகப் பதில் எழுதுகிறார். கண்முன் ஒரு சாதாரண ஆவணம் விரிகிறது. பின்னால் நெட்வயர் என்ற நிரல் குடியேறுகிறது.

நெட்வயர் ஒரு கணினியைத் தொலைவிலிருந்து இன்னொருவர் கைக்குக் கொடுத்துவிடும் நிரல். தட்டச்சு செய்வதைப் பார்க்கலாம், கடவுச்சொற்களைத் திருடலாம், கோப்புகளை எடுக்கலாம். புதிதாகக் கோப்புகளை வைக்கவும் செய்யலாம். ஆர்சனல் கணக்குப்படி வில்சனின் கணினி 22 மாதங்களுக்கும் மேலாக அந்நியர் பிடியில் இருந்தது. வழக்கில் காட்டப்பட்ட 10 கடிதங்கள் மறைக்கப்பட்ட ஒரு கோப்புறையில் அந்த வழியாக வைக்கப்பட்டவை, அவற்றை அந்தக் கணினியில் யாரும் திறந்ததற்கான தடயமே இல்லை, சிலவற்றை உருவாக்கிய வேர்டு பதிப்பு அந்தக் கணினியில் இருந்ததைவிடப் புதியது என்றது அறிக்கை. காட்லிங் கணினி பற்றிய அறிக்கையும் 20 மாதங்களுக்கு மேலான ஊடுருவலையும் 14 கடிதங்கள் வைக்கப்பட்டதையும் சொன்னது. ஸ்டேன் சுவாமி கணினி பற்றிய அறிக்கை 2022 டிசம்பரில் வந்தது. 2014 முதலே ஊடுருவல், 44 ஆவணங்கள், 2019 ஜூன் 12 அன்று கணினி பறிமுதல் ஆவதற்கு முந்தைய இரவு தடயங்களை அழிக்கும் முயற்சி என்றது அது. அந்த அறிக்கையைப் படிக்க அவர் உயிரோடு இல்லை. 2021 ஜூலை 5 அன்று, பிணை கிடைக்காமல், விசாரணைக் கைதியாகவே இறந்துபோனார்.

இங்கே நாம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தாக்கியவர் யார் என்று ஆர்சனல் பெயர் சொல்லவில்லை. தேசியப் புலனாய்வு முகமை இந்த அறிக்கைகளை ஏற்கவில்லை, குற்றப்பத்திரிகையில் இல்லாத அறிக்கையை நீதிமன்றம் பார்க்கக் கூடாது என்று வாதிட்டது. இறுதியாகத் தீர்மானிக்க வேண்டியது விசாரணை. ஆனால் அந்த விசாரணை தொடங்காமலேயே வில்சனும் தவாலேவும் ஆறரை ஆண்டு சிறையில் இருந்தார்கள், 2025 ஜனவரியில்தான் அவர்களுக்குப் பிணை கிடைத்தது.

நாம் கற்க வேண்டியது தீர்ப்புக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. 2020 ஜூனில் அம்னஸ்டியும் சிட்டிசன் லேபும் இன்னொரு தாக்குதலை வெளிக்கொண்டுவந்தன. 2019 ஜனவரி முதல் அக்டோபர் வரை ஒன்பது மனித உரிமைச் செயல்பாட்டாளர்களுக்கு நெட்வயர் பொதிந்த மின்னஞ்சல்கள் போயிருந்தன. அவர்களில் எட்டுப் பேர் இந்த வழக்கில் கைதானவர்களின் விடுதலைக்காகக் குரல் கொடுத்தவர்கள். நீதிமன்ற அழைப்பாணை போன்றும் கடிதங்கள் வந்திருந்தன. 2022 பிப்ரவரியில் சென்டினல்ஒன் என்ற பாதுகாப்பு நிறுவனம், இந்தத் தாக்குதல் குழு குறைந்தது 2012 முதல் நூற்றுக்கணக்கானோரைக் குறிவைத்து வருகிறது என்று எழுதியது. பயன்படுத்தப்பட்ட கருவிகள் மட்டமானவை, சந்தையில் யாரும் காசு கொடுத்து வாங்கக்கூடியவை என்பதையும் அது சுட்டிக்காட்டியது. நெட்வயரை விற்ற தளத்தை 2023 மார்ச்சில் அமெரிக்க அதிகாரிகள் முடக்கினார்கள். அதைப்போன்ற வேறு நிரல்கள் இன்றும் விற்பனையில் இருக்கின்றன.

ஆக, ஓர் ஆய்வாளரின் கணினிக்குள் நுழைய மாபெரும் தொழில்நுட்பம் தேவைப்படவில்லை. ஒரு மூத்த தோழரின் பெயர் போதுமானதாக இருந்தது. ஸ்பானியக் கைதி ஆசையைப் பிடித்தது, எய்ட்ஸ் வட்டு அச்சத்தைப் பிடித்தது, மணிலாக் கடிதம் அன்பைப் பிடித்தது. நம்மை நோக்கி வருவது தோழமையைப் பிடிக்கிறது. வன்கொடுமை நடந்த ஊரின் உண்மை அறியும் குழு அறிக்கை, தீர்ப்பு நகல், கண்டனக் கூட்ட அழைப்பு, கையெழுத்து இயக்கம், நிலுவை உதவித்தொகை: இவைதான் நமக்கான தூண்டில் புழுக்கள். நாம் எதை நேசிக்கிறோமோ, எது நமக்கு அவசரமோ, அதுவாகவே அது வரும்.

கூட்டாகக் காக்கும் ஒழுங்கு

இதற்கு 'யாரையும் நம்பாதே' என்பது பதிலாகாது. ஒருவரையொருவர் சந்தேகிக்கும் இயக்கம் ஒரு வைரஸும் இல்லாமலே செத்துப்போகும். ஆளை நம்புவோம், கோப்பைச் சரிபார்ப்போம். இதை ஒவ்வொருவரின் சாமர்த்தியத்துக்கு விடாமல், நம் அமைப்புகளின் ஒழுங்காகவே ஆக்க வேண்டும். எங்கள் மையத்தில் நாங்கள் வைத்திருக்கும் வழக்கங்களைச் சொல்கிறோம்.

எதிர்பாராத கோப்பு வந்தால், அனுப்பியவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு "நீங்க அனுப்பினதா?" என்று கேட்கிறோம். அதே மின்னஞ்சலில் பதில் கேட்பதில்லை. வில்சனுக்குப் பதில் எழுதியது யாருடைய கை என்பதை நினைத்தால் காரணம் புரியும். மூத்த தோழர்கள் இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்கக் கூடாது. கேட்கிற இளையவரைப் பாராட்ட வேண்டும்.

பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிய ஜிப், ஆர்ஏஆர் கோப்பு வந்து, பாஸ்வேர்டும் அதே கடிதத்தில் இருந்தால் கூடுதல் எச்சரிக்கை. சாவியைப் பூட்டிலேயே தொங்கவிடுவானேன்? பெரும்பாலும், மின்னஞ்சல் சேவையின் வைரஸ் சோதனை உள்ளே பார்க்கக் கூடாது என்பதற்காக. வழக்கத்துக்கு மீறிப் பெரிதாக இருக்கும் கோப்புக்கும் இதே காரணம் இருக்கலாம்.

லிங்க்கின் மேல் மவுஸை வைத்தாலோ, கைபேசியில் விரலை அழுத்திப் பிடித்தாலோ அது உண்மையில் போகும் முகவரி தெரியும். கடிதத்தில் எழுதியிருப்பது ஒன்று, போகும் இடம் வேறு என்றால் தொடுவதில்லை. உதவித்தொகை, தேர்வு, வங்கி சம்பந்தப்பட்ட எதற்கும் லிங்க் வழியாகப் போவதில்லை, அந்தத் தளத்தின் முகவரியை நாமே தட்டச்சு செய்து போகிறோம். 'இன்றே, இப்போதே, இல்லையென்றால் ரத்து' என்று விரட்டும் கடிதத்தை வேண்டுமென்றே ஒரு மணி நேரம் ஆறப்போடுகிறோம். ஓடிபி, பின் எண், கடவுச்சொல் கேட்பவர் எந்த அதிகாரியாக இருந்தாலும் கொடுப்பதில்லை.

படித்துத்தான் ஆக வேண்டிய ஆவணத்தைக் கணினியில் இறக்காமல் ஜிமெயில் அல்லது கூகுள் டிரைவின் முன்னோட்டத்திலேயே படிக்கலாம். நம் கணினியில் அந்தக் கோப்பு இயங்காது என்பதால் ஆபத்து வெகுவாகக் குறையும். அதேபோல், நாம் அனுப்பும்போதும் சொல்லிவிட்டு அனுப்புவோம். முடிந்தால் செய்தியைக் கடிதத்திலேயே எழுதுவோம். ஒரு பக்கத் துண்டறிக்கைக்கு இணைப்பு எதற்கு?

மின்னஞ்சல் கணக்குக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு போட்டிருக்கிறோம். மாதம் ஒருமுறை எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தைப் பார்க்கிறோம். மீட்பு மின்னஞ்சலும் தொலைபேசி எண்ணும் நம்முடையவைதானா, தெரியாத கருவி ஏதும் உள்ளே இருக்கிறதா என்று பார்ப்பது ஐந்து நிமிட வேலை. இந்த வழக்கில் தொடர்புடைய சிலரின் ஊடுருவப்பட்ட மின்னஞ்சல் கணக்குகளில் வேறொருவரின் மீட்பு முகவரியும் எண்ணும் சேர்க்கப்பட்டிருந்ததாக 2022இல் 'வயர்ட்' இதழ் எழுதியதை அறிந்த பிறகு தொடங்கிய வழக்கம் இது. விண்டோஸ், பிரவுசர், கைபேசி மூன்றையும் புதுப்பித்து வைப்பதும், முக்கியமான வழக்கு ஆவணங்களைத் தனி ஹார்டு டிஸ்க்கில் பிரதியெடுத்து வைப்பதும் இதோடு சேர்ந்தவை.

கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியமானது. திறந்துவிட்டால் என்ன செய்வது? உடனே இணையத்தைத் துண்டியுங்கள். உடனே சொல்லுங்கள், குழுவுக்கும், உங்கள் பட்டியலில் இருப்பவர்களுக்கும். வேறொரு சுத்தமான கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள். அந்த மின்னஞ்சலை அழித்துவிடாதீர்கள், அது தடயம். பீமா கோரேகான் வழக்கில் இவ்வளவும் வெளியே வந்ததற்குக் காரணம், பழைய கடிதங்களும் வட்டின் நகலும் எஞ்சியிருந்ததுதான். கணினியை விவரம் தெரிந்தவரிடம் காட்டாமல் மீண்டும் பயன்படுத்தாதீர்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள், தேசிய சைபர் குற்ற இணையதளத்தில் புகாரைப் பதியுங்கள். ஆள்மாறாட்டம் செய்து கணினி வழியே ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவின்படி குற்றம். திறந்தவர் குற்றவாளி அல்ல, அனுப்பியவரே குற்றவாளி.

அந்தத் தங்கையிடம் நாங்கள் சொன்னது இதுதான். உன்னை ஏமாற்றியது உன் அறியாமை அல்ல. எட்டு மாதமாக வராத உதவித்தொகை உனக்குத் தேவைப்பட்டது, அது தெரிந்து ஒருவன் தூண்டில் போட்டான். உனக்குச் சேர வேண்டியதைக் காலத்தில் கொடுத்திருந்தால் அந்தக் கடிதத்துக்கு உன்னிடம் வேலையே இருந்திருக்காது. ரோனா வில்சன், சுரேந்திர காட்லிங், தலாய் லாமாவின் அலுவலகம், பிரிட்டிஷ் நாடாளுமன்றம் என்று ஒரு நீண்ட வரிசையில் நீயும் நிற்கிறாய். வெட்கப்பட வேண்டியது நீ இல்லை. ஆனால் அடுத்த முறை மூன்று நாள் காத்திருக்காதே, மூன்று நிமிடத்தில் கூப்பிடு.

இப்போது எங்கள் மையத்தில் புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு முதல் வாரமே இதை ஒரு வகுப்பாக நடத்துகிறோம். நடத்துவது அவள்தான். கணினியில் கோப்பின் வாலைக் காட்டும் டிக்கை ஒவ்வொருவரையும் போட வைத்த பிறகுதான் வெளியே விடுகிறாள். தன் கதையை மறைக்காமல் சொல்லித்தான் வகுப்பைத் தொடங்குகிறாள்.

உங்கள் ஊரிலும், உங்கள் விடுதியிலும் இந்த வகுப்பை நடத்துங்கள், தோழர்களே. ஜெய்பீம்.